புரியலைன்னா மணி அடிங்க

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்க ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் குழந்தையைக் கேட்டாக்கூடச் சொல்லும். ஆபீஸ் அட்டெண்டர்னு பேரு. மணி அடிக்கிறது, ரூம் ரூமா சர்க்குலர் கொண்டு போறது, கதவு பூட்டுறது, எல்லாம் நான்தான். பதினஞ்சு வருஷமா இந்தக் கட்டடத்துல என் குரல் கேட்காத நாள் ஞாயித்துக்கிழமை மட்டும்தான். அதனால நான் ஒருத்தரைப் பத்தி நல்லதாச் சொன்னா நீங்க நம்பலாம். முகஸ்துதி பண்ற சாமர்த்தியம் இருந்திருந்தா நான் எப்பவோ உருப்பட்டிருப்பேன்.

சொல்ல வந்தது எங்க மூணாங்கிளாஸ் டீச்சரைப் பத்தி. சாக்பீஸைக் காதுல செருகிக்கிட்டு அதையே மேஜை மேல, மேஜை கீழன்னு தேடுவாங்க. அதனால பசங்க வெச்ச பேரு சாக்பீஸ் டீச்சர். என்னைவிட ஆறு வயசு சின்னவங்க, என்னை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. பதினோரு வருஷமா அதே மூணாங்கிளாஸ், அதே ரூம், அதே ஆடுற நாற்காலி. "வருஷத்துக்கு நாப்பது பிள்ளைங்க பாஸாகிப் போகுது, நீங்க மட்டும் மூணாங்கிளாஸ்லயே உட்கார்ந்திருக்கீங்களே டீச்சர்"னு நானே கேலி பண்ணுவேன். என் கருநாக்கு, அது பலிச்சுத் தொலைச்சுது.

ஒரு நாள் ஆர்டர் வந்துச்சு. பாடம் நடத்துறவங்க யாரா இருந்தாலும் தகுதித் தேர்வு எழுதி ஆசிரியர் சான்றிதழ் வாங்கியே ஆகணும். மொத்தம் மூணு வாய்ப்பு. மூணும் போச்சுன்னா வேலையும் போச்சு. அந்த சர்க்குலரை ரூம் ரூமாக் கொண்டு போனவ நான். ஒவ்வொரு ரூம்லயும் கையெழுத்து வாங்குறதுக்குள்ள ஒவ்வொருத்தர் முகமும் சுண்டிப் போனதைப் பார்த்தேன். எனக்கு வந்துச்சே கோபம்! "பத்துப் பதினோரு வருஷமாச் சொல்லிக் குடுக்கிறவங்களுக்கு இப்ப டெஸ்ட்டா? எவன்டா இதைக் கண்டுபிடிச்சது, அவனை முதல்ல மூணாங்கிளாஸ்ல ஒரு நாள் உட்கார வைங்கடா"ன்னு வராண்டாவுல நின்னு கத்தினேன். ஸ்டாஃப் ரூமே கை தட்டுச்சு.

சாக்பீஸ் டீச்சர் முதல் தடவை எழுதினாங்க. மத்ததெல்லாம் நல்ல மார்க். கணக்குல மட்டும் ஐம்பத்தஞ்சு. அறுபது வேணும். ரெண்டாவது தடவை ஐம்பத்தெட்டு. ரெண்டே மார்க்ல வாசப்படியில நிக்கிறாங்க. விடைத்தாளோட ஒத்துப் பார்க்கறதுக்குச் சரியான விடைகளை வெளியிட்டிருந்தாங்க. அதைப் பார்த்தா, ஒரு கேள்வி. 'ஒரு பிள்ளை, மூணுல எட்டு போகுமான்னு கேட்குது. ஆசிரியர் என்ன சொல்லணும்?' நாலு விடை குடுத்திருந்தான். டீச்சர் போட்டது, 'சின்னதுல பெரியது போகாது.' அது தப்பாம்.

"இது எப்படிங்க தப்பாகும்? பதினோரு வருஷமா இதைத்தானே சொல்றேன்!"னு டீச்சருக்கு அழுகையே வந்துருச்சு. ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் சேர்ந்து, விடையே தப்புன்னு ஒரு மனு எழுதினாங்க. அதைத் தபால்ல சேர்த்தவளும் நான்தான். போறபோது, மூணுல எட்டு எப்படிப் போகும், இது தெரியாதவன்லாம் டெஸ்ட் வைக்கிறான்னு தபால் ஆபீஸ்காரர்கிட்ட ஒரு பாட்டம் புலம்பிட்டும் வந்தேன். அவரும் போகாதுன்னுதான் சொன்னாரு.

பத்து நாள் கழிச்சு என் மக, மூணாங்கிளாஸ் இந்த டீச்சர்கிட்ட படிச்சவ, ஆறாங்கிளாஸ்லேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்தா. பையைத் தூக்கி எறிஞ்சா, தண்ணிகூடக் குடிக்கல. புதுசா வந்த கணக்கு சார் போர்டுல 3 - 8னு எழுதி எவ்வளவுன்னு கேட்டிருக்காரு. இவ, என் வாய் இவளுக்கும் உண்டே, முதல் ஆளா எழுந்து, "போகாது சார், சின்னதுல பெரியது போகவே போகாது"ன்னு அடிச்சுச் சொல்லியிருக்கா. அவரு சிரிச்சிருக்காரு. வகுப்பே சிரிச்சிருக்கு. யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாராம்.

"நான் டீச்சர் பேரைச் சொல்லலம்மா"ன்னா. "சாக்பீஸ் டீச்சர் நமக்குப் பொய் சொல்லிட்டாங்களாம்மா?"

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. என் பொண்ணைப் பார்த்து நாலு பேர் சிரிச்சாங்கன்னா நான் யாருன்னு பார்க்க மாட்டேன். மறுநாள் கடைசி மணி அடிச்ச கையோட நேரா மூணாங்கிளாஸ் ரூமுக்குப் போனேன். டீச்சர் போர்டு அழிச்சுக்கிட்டு இருந்தாங்க.

"என்ன டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க எம் பொண்ணுக்கு? மூணுல எட்டு போகுமாமே! ஆறாங்கிளாஸ் சாரு போர்டுல போட்டே காட்டிட்டாராமே! அத்தனை பேர் முன்னாடி அவ மானம் போச்சு!"

டீச்சர் முகத்துல ஈயாடல. டஸ்டரைப் பிடிச்சபடி அந்த ஆடுற நாற்காலியில உட்கார்ந்தாங்க. நான் திட்டுறதுக்கு இன்னும் நிறைய வெச்சிருந்தேன். அவங்க உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் வாய் தானா மூடிக்கிச்சு.

"மைனஸ் எனக்குத் தெரியும்க்கா"ன்னாங்க. "பத்தாவதுல மனப்பாடம் பண்ணி மார்க்கும் வாங்கினேன். ஆனா இந்த ரூமுக்குள்ள வந்தா அது ஞாபகத்துக்கே வராது. பிள்ளைங்க கேட்டா, போகாதுன்னு சொல்லி வாயை அடைச்சுட்டு அடுத்த கணக்குக்குப் போயிடுவேன். அவங்களும் தலையாட்டுவாங்க. நானும் புரிஞ்சுடுச்சுன்னு நினைச்சுப்பேன். அந்தக் கேள்வி தப்பில்லக்கா. நான்தான் தப்பு. இன்னும் எத்தனை தப்பு இப்படிச் சொல்லிக் குடுத்திருக்கேனோ."

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற ஜனங்களைத்தான் நான் வாழ்நாள் பூராப் பார்த்திருக்கேன். இப்படிப் பூசணிக்காயை எடுத்து நடு மேஜையில வைக்கிற ஆளை அன்னிக்குத்தான் பார்த்தேன். சண்டை போட வந்தவ, போய் ரெண்டு டீ வாங்கிட்டு வந்தேன்.

டீ குடிச்சு முடிச்சதும், "அக்கா, எனக்கு ஒரு உதவி பண்ணுவீங்களா?"ன்னாங்க. "எனக்குத் தனியாப் படிச்சா ஏற மாட்டேங்குது. யாருக்காவது சொல்லிக் குடுத்தாத்தான் ஏறும். ஸ்டாஃப் ரூம்ல கேட்டா எல்லாரும் மரியாதைக்குத் தலையாட்டுறாங்க. நீங்க தலையாட்ட மாட்டீங்க."

"ஐயய்யோ, என்னை விட்டுடுங்க. நான் ஏழாவதோட நின்னவ. உனக்குக் கணக்கு ஏறாதுன்னு எங்க வாத்தியார் எழுதியே குடுத்துட்டாரு."

"அதனாலதான் கேட்கிறேன். உங்களுக்கு ஏறிட்டா எனக்கு ஏறிடும்."

நல்ல மரியாதை பாருங்க! மக்குன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லி அதுக்கு உதவியும் கேட்கிறாங்க. சிரிச்சுட்டேன். சரின்னுட்டேன்.

எச்.எம். மேடம் நாலு மணிக்கெல்லாம் கிளம்பிடுவாங்க. நான் அஞ்சு மணிக்குக் கதவு பூட்டணும். அந்த ஒரு மணி நேரம் ஆபீஸ் ரூம் எங்களோடது. மேடத்தோட மேஜையில ஒரு சின்ன மணி இருக்கும், தலையில தட்டினா 'டிங்'னு அடிக்கும். என்னைக் கூப்பிடறதுக்குன்னே வெச்சது. பதினஞ்சு வருஷமா அந்தச் சத்தத்துக்கு ஓடின காலு என் காலு. டீச்சர் அதை எடுத்து என் முன்னாடி வெச்சாங்க.

"உங்க வேலை ஒண்ணே ஒண்ணுதான். புரியலைன்னா மணி அடிங்க. நான் என்ன ஆளு, எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்றேன், பாவம்னு எதையும் பார்க்காதீங்க."

முதல் நாள் நான் அடிச்ச அடியில மணி கழண்டு வந்துடும் போல ஆயிடுச்சு. அவங்க ஒரு வரி சொல்லுவாங்க, நான் டிங். இன்னொரு மாதிரி சொல்லுவாங்க, டிங். தலையில கையை வெச்சுக்கிட்டு வராண்டாவுல ஒரு சுத்து நடந்துட்டு வந்து வேற மாதிரி சொல்லுவாங்க. டிங்.

மூணுல எட்டை நானேதான் பிடிச்சேன், அதை மட்டும் பெருமையாச் சொல்லிக்கிறேன். எங்க ஆபீஸ் வாசல்லேர்ந்து மாடிக்குப் படி ஏறும், கீழ ஸ்டோர் ரூமுக்குப் படி இறங்கும். நாளைக்கு நாப்பது தடவை ஏறி இறங்குறவ நான். "டீச்சர், ஆபீஸ் வாசல்தான் பூஜ்ஜியம்னு வெச்சுக்குவோம். நான் மூணு படி ஏறிட்டேன். மேல நின்னுக்கிட்டு யாரோ, ஸ்டோர் சாவி எங்கடின்னு கத்துறாங்க. நான் எட்டு படி இறங்குறேன். இப்ப நான் வாசல்லயா நிக்கிறேன்? வாசலுக்குக் கீழ அஞ்சாவது படியில நிக்கிறேன். இறங்க முடியாதுன்னு யாரு சொன்னா?" டீச்சர் எழுந்து போய் நிஜமாவே அந்தப் படியில இறங்கி நின்னு பார்த்தாங்க. அஞ்சாவது படியில நின்னு அண்ணாந்து என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. காதுல சாக்பீஸ்.

இப்படியே வகுத்தாக் குறையும்ங்கிறது ஒரு பொய்னு ஆச்சு. அரைக் குடத் தண்ணியைக் கால் குடம் கால் குடமா ஊத்தினா ரெண்டு தடவை வருது. அரையைக் காலால வகுத்தா ரெண்டு! குறையவே இல்ல, கூடிடுச்சு! அன்னிக்கு நான் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரை உட்கார வெச்சு, குடமும் சொம்புமாக் காட்டினேன். "சமையல் ஆச்சா?"ன்னு கேட்டாரு மனுஷன். கேட்கிறவங்க எல்லாரும் டீச்சர் மாதிரி இருப்பாங்களா?

மூணாவது வாரம் டீச்சர் எச்.எம். மேடத்துக்கிட்ட போய், நாலாங்கிளாஸ்லேர்ந்து எட்டாங்கிளாஸ் வரைக்கும் ஒவ்வொரு வகுப்புலயும் அஞ்சு நிமிஷம் பேச அனுமதி கேட்டாங்க. தான் தப்பாச் சொல்லிக் குடுத்ததைத் திருத்தணுமாம். மேடம் பதறிட்டாங்க. "உனக்குப் பைத்தியமா? டெஸ்ட்டுக்குப் படிக்கிறவ படிச்சுட்டுப் போயேன். நாமளே போய்த் தப்புன்னு சொன்னா நாளைக்குப் பிள்ளைங்க மதிக்குமா, பெத்தவங்க மதிப்பாங்களா?"

"டெஸ்ட்ல எனக்கு அதுக்கு ஒரு மார்க்தான் போச்சு மேடம். பிள்ளைங்களுக்கு எத்தனை போகுதுன்னு யாரு எண்ணினது?"

மேடம் ஃபைலைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷம்தான்"னு சொல்லிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ஆறாங்கிளாஸுக்கு அவங்க போனபோது எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்ல. பழைய சர்க்குலர் ஒண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு ஜன்னல் ஓரமா நின்னேன். டீச்சர் அந்தப் புது சார்கிட்ட ஒரு நிமிஷம்னு கேட்டுட்டு, பிள்ளைங்களைப் பார்த்துச் சொன்னாங்க: "சின்னதுல பெரியது போகாதுன்னு நான்தான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். அது தப்பு. எனக்கு நல்லாத் தெரியாம சொல்லிட்டேன். சார் சொல்றதுதான் சரி. அன்னிக்கு இந்த வகுப்புல ஒரு பொண்ணு தைரியமா எழுந்து பதில் சொல்லியிருக்கா. அவ தப்பாச் சொல்லல, நான் சொன்னதைச் சரியாச் சொன்னா. சிரிக்கிறதா இருந்தா என்னைப் பார்த்துச் சிரிங்க."

யாரும் சிரிக்கல. பின் பெஞ்சுல ஒரு பையன் மட்டும் எழுந்து, "அப்ப மூணாங்கிளாஸ்ல போகும்னு எழுதி எனக்கு முட்டை போட்டீங்களே டீச்சர், அந்த மார்க்கைத் திருப்பித் தருவீங்களா?"ன்னான். அப்பத்தான் எல்லாரும் சிரிச்சாங்க, டீச்சரும் சேர்ந்து. என் மக சிரிக்கல. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தா. நான் சர்க்குலரால கண்ணைத் துடைச்சுக்கிட்டேன், மை ஒட்டிக்கிச்சு.

மூணாவது தேர்வு வந்துச்சு. சென்டர் எதுன்னு பார்த்தா எங்க ஸ்கூலே. டீச்சருக்கு ஆறாங்கிளாஸ் ரூம், ஜன்னல் ஓரம். வெளியிலேர்ந்து ஒரு ஆபீசர் வந்தாரு, வெளியாளுங்கதான் சூபர்வைசர். மணிக்கு மட்டும் நான். முந்தின நாள் சாயங்காலம் கதவு பூட்டுறபோது டீச்சர் என் கையைப் பிடிச்சாங்க.

"அக்கா, நாளைக்கு நான் முடிக்கலைன்னாலும் மணியைப் பிடிச்சு வெச்சுடாதீங்க. எனக்கு நிஜமாவே வருதான்னு எனக்குத் தெரியணும்."

"சேச்சே, நான் ஏன் பிடிச்சு வைக்கப் போறேன்?"ன்னேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியிறதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு!

பன்னண்டரைக்கு முடியணும். ஆபீசர் உள்ள உறைகளை ஒட்டிக்கிட்டு இருந்தாரு. "கடிகாரம் உங்க பொறுப்பும்மா"ன்னுட்டாரு. பன்னண்டு இருபத்தெட்டு. ஜன்னல் வழியாப் பார்க்கிறேன், டீச்சர் இன்னும் குனிஞ்சு எழுதுறாங்க. சாக்பீஸ் இல்லாத காது எப்படியோ இருந்துச்சு. ரெண்டு நிமிஷம் தள்ளி அடிச்சா என்ன? யாருக்கு நஷ்டம்? உள்ள இருக்கிற எல்லாருக்கும்தானே லாபம்? போன தடவை ரெண்டே மார்க்ல போச்சே, ரெண்டு நிமிஷம் அதுக்கு ஈடாகாதா? பதினோரு வருஷம் ஓடின மனுஷிக்கு ரெண்டு நிமிஷம் குடுக்க இந்தக் கைக்கு உரிமை இல்லையா?

முள்ளு பன்னண்டரையைத் தொட்டுச்சு. அவங்க நிமிரல. நான் அடிச்சேன். என் வாழ்க்கையில நான் அடிச்ச மணியிலேயே எனக்குப் பிடிக்காத மணி அதுதான். அடிச்சுட்டு ஸ்டோர் ரூம் படியில போய் உட்கார்ந்துக்கிட்டேன், யாரையும் பார்க்கல.

டீச்சர் தேடிக்கிட்டு வந்தாங்க. "ரெண்டு கேள்வி விட்டுட்டேன்க்கா"ன்னாங்க. அப்புறம் பக்கத்துல உட்கார்ந்து, "சரியா அடிச்சீங்க, தேங்க்ஸ்"னாங்க. அந்தத் தேங்க்ஸை நான் அன்னிக்கு வாங்கிக்கிற நிலைமையில இல்ல. நாப்பது நாள் எனக்குச் சோறு இறங்கல. அவங்க என்னடான்னா சாதாரணமா வந்து பாடம் நடத்திட்டுப் போனாங்க.

ரிசல்ட் வந்துச்சு. கணக்குல அறுபத்து நாலு. நான் போட்ட கூச்சல்ல பக்கத்துத் தெருக்காரங்க என்னவோ ஏதோன்னு கேட்டுக்கிட்டு வந்துட்டாங்க.

ஒண்ணைச் சொல்லாம விட்டா என் வாய்க்கே அவமானம். எங்க நாலாங்கிளாஸ் டீச்சர் மூணு தடவையும் பாஸாகல. பிள்ளைங்க அவங்களைச் சுத்திக்கிட்டே திரியும், அழுற குழந்தையை ஒரு நிமிஷத்துல சிரிக்க வைப்பாங்க. அதுக்கெல்லாம் அந்தப் பேப்பர்ல கட்டம் இல்ல. அவங்க பையை எடுத்துக்கிட்டுப் போன அன்னிக்கு அந்த டெஸ்ட்டை மறுபடியும் திட்டினேன், இப்பவும் திட்டுவேன். ஆனா அன்னிக்கு எவன்டா இதைக் கண்டுபிடிச்சதுன்னு கத்தினேனே, அந்த மனுஷன் யாரோ எவரோ, அவருக்கு ஒரு நன்றியும் சொல்லணும். அவர் அந்த ஒரு கேள்வியைக் கேட்கலைன்னா எங்க டீச்சர் இன்னும் இருபது வருஷம் போகாதுன்னே சொல்லியிருப்பாங்க. எனக்கும் கணக்கு ஏறாதுன்னே நான் செத்துப் போயிருப்பேன். ரெண்டையும் ஒரே வாயால எப்படிச் சொல்றேன்னு கேட்காதீங்க, என் வாய் அப்படித்தான்.

சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் டீச்சர் ஒரு புது மணி வாங்கிட்டு வந்து மேடத்தோட மேஜையில வெச்சாங்க. பழசைக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. அதைக் கொண்டு போய் மூணாங்கிளாஸ்ல முதல் பெஞ்சுல வெச்சு, "புரியலைன்னா யாரு வேணா வந்து அடிக்கலாம்"னு சொன்னாங்க.

ஒரு வாரமா ஒரு பிள்ளையும் தொடல. நாப்பது தலையும் எப்பவும் போல ஆடிக்கிட்டே இருந்துச்சு. டீச்சர் முகம் வாடிப் போச்சு. "பயப்படுதுங்கக்கா. நான்தான் பதினோரு வருஷமா பயப்பட வெச்சேன் போல"ன்னாங்க.

அன்னிக்கு சர்க்குலர் கொண்டு போனேன், நிஜ சர்க்குலர்தான். போர்டுல ஐம்பத்து ரெண்டுல இருபத்தேழு கழிக்கிற கணக்கு. "ரெண்டுல ஏழை இங்கேயே எடுத்தா, கீழ் படிக்குப் போகணும், அது பெரிய வகுப்புக் கணக்கு. இப்ப நாம பக்கத்துல இருக்கிற அஞ்சுகிட்ட ஒண்ணு வாங்கிக்கலாம். ரெண்டு பன்னண்டு ஆயிடுச்சு. புரிஞ்சுதா?" நாப்பது தலையும் ஆடுச்சு.

எனக்குப் புரியல. நடிப்பு இல்லைங்க, சத்தியமாப் புரியல. நாப்பத்திரண்டு வயசு வரைக்கும் நானும் அப்படித்தான் கழிக்கிறேன், இதுவரைக்கும் ஒரு தடவைகூட யோசிச்சதில்ல. சர்க்குலரை இடுக்கிக்கிட்டு முதல் பெஞ்சுக்குப் போய் டிங்னு ஒரு அடி அடிச்சேன்.

நாப்பது தலையும் என் பக்கம் திரும்புச்சு.

"எனக்குப் புரியல டீச்சர். வாங்குறது ஒண்ணு. இங்க வந்து சேரும்போது அது எப்படிப் பத்தாச்சு?"

ஒரு பையன் களுக்குன்னு சிரிச்சான். அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க, மணி அடிக்கிற அம்மாவுக்கே கணக்குத் தெரியலையாம்னு. டீச்சர் சிரிக்கல. காதுலேர்ந்து சாக்பீஸை எடுத்தாங்க, முதல் தடவையாத் தேடாம. "நல்ல கேள்விக்கா. யாருக்குத் தெரியும்?"னு கேட்டாங்க.

சிரிப்பு நின்னுச்சு. யாருக்கும் தெரியல. கடைசி பெஞ்சுலேர்ந்து ஒரு சின்னப் பொண்ணு, ரெட்டைப் பின்னல், ஒரு வார்த்தை பேசாத பொண்ணு, எழுந்து மெதுவா முன்னாடி வந்துச்சு. என்னை ஒரு தடவை பார்த்துச்சு. மணியைத் தொட்டும் தொடாம ஒரு தட்டு தட்டி, "எனக்கும் புரியல"ன்னுச்சு. அதுக்குப் பின்னாடி ஒரு பையன். அப்புறம் அந்தச் சிரிச்ச பையன்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ்ல மேடத்தோட புது மணி அடிச்சுது. டிங், டிங், டிங், என்னைத்தான் கூப்பிடுறாங்க. பதினஞ்சு வருஷத்துல மணிச் சத்தம் கேட்டும் நான் ஓடாம நின்னது அன்னிக்குத்தான். வரிசையில என் பின்னாடி பதினோரு பிள்ளைங்க. டீச்சர் ஒரு கட்டு குச்சியை எடுத்து, பத்துப் பத்தா எண்ணி ரப்பர் பேண்டு போட ஆரம்பிச்சாங்க. தெரிஞ்சுக்காம நான் எங்க போறது? அங்கேயே நின்னேன்.